படலை தாண்டாத பக்கெற்: லினக்ஸ் கேள்வி–பதில்

கேள்வி: லப்டொப்பில் யூடியூப் நன்றாக ஓடுகிறது. அதற்குள் விர்ச்சுவல்பொக்ஸில் போட்ட உபுண்டுவில் மட்டும் நெற் இல்லை. இணைப்புத் தந்த நிறுவனத்துக்கு அழைத்து முறையிடவா?
— மாணவர், கொக்குவில்

பதில்: வேண்டாம் தம்பி. யூடியூப் ஓடுகிறதென்றால் கம்பியும் நலம், ரவுட்டரும் நலம், நிறுவனமும் நலம். பழுது உங்கள் மேசையில்தான் இருக்கிறது. நல்ல செய்தியாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் கைக்கு எட்டாத எதுவும் கெட்டுப்போகவில்லை.

நெற் நின்றால் உடனே வெளியைப் பார்ப்பது நம்மூருக்குப் பழகிப்போனது. 1990களின் பெரும்பகுதியில் மின்சாரமும் தொலைபேசியும் அறுபட்டுக் கிடந்த யாழ்ப்பாணக் குடாநாடு இது. அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் மெய்நிகர் கணினிக்கென்று (சுருக்கமாக விஎம்) ஒரு வலையட்டை, ஒரு ரவுட்டர், ஒரு முகவரி எல்லாம் உங்கள் லப்டொப்புக்குள்ளேயே மென்பொருளாக இருக்கின்றன. முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

கேள்வி: தேடிப் பார்த்தால் ஒருவர் மறுபடி இயக்கச் சொல்கிறார், ஒருவர் வேறு லினக்ஸ் போடச் சொல்கிறார், ஒருவர் எல்லாவற்றையும் அழித்து மீண்டும் இன்ஸ்ரோல் பண்ணச் சொல்கிறார். எங்கே தொடங்குவது?
— பயிலுநர், திருநெல்வேலி

பதில்: அழித்துப் போடச் சொன்னவரின் பேச்சைக் கேளாதீர்கள். அழித்துப் போட்டால் நெற் வரக்கூடும். ஏன் போனது என்பது ஒருநாளும் தெரியவராது. அடுத்த மாதம் அதே பிழை வேறு கணினியில் வந்து நிற்கும்.

உள்ளிருந்து வெளியே நடவுங்கள். ஒவ்வொரு அடியிலும் ஒரேயொரு கேள்வி.

முதல் அடி, ‘ஐபி ஏ’ என்ற கட்டளை. அதில் வலையட்டையின் பெயர் வரும். பழைய நூல்களில் ‘ஈத்0’ என்றிருக்கும். இப்போது ‘ஈஎன்பி0எஸ்3’ போன்ற நீளப் பெயர்கள். 2013 அளவில் சிஸ்டம்டி கொண்டுவந்த மாற்றம் அது. பழைய பெயரை அப்படியே படியெடுத்து அடித்துவிட்டு ‘அப்படியொரு கருவி இல்லை’ என்ற பதிலோடு திகைத்து நிற்பவர்கள் நிறையப் பேர். அந்த வரியில் ‘நோ கேரியர்’ என்று கண்டால் மென்பொருள் கேபிள் கழன்றிருக்கிறது. விர்ச்சுவல்பொக்ஸின் நெட்வேர்க் செற்றிங்ஸில் ‘கேபிள் கனெக்டட்’ என்ற கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, முகவரி. நாட் என்ற முறையில் (அடுத்த பதிலில் விளக்குகிறேன்) விர்ச்சுவல்பொக்ஸ் வழக்கமாகக் கொடுப்பது 10.0.2.15. விர்ச்சுவல்பொக்ஸுக்குப் பதிலாகக் கேவிஎம் பாவிப்பவர்களுக்கு 192.168.122 என்று தொடங்கும். முகவரியே இல்லை, அல்லது 169.254 என்று தொடங்குகிறது என்றால், ‘எனக்கொரு முகவரி தாருங்கள்’ என்று விஎம் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. முகவரி வழங்கும் டிஎச்சிபியைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ‘ஐபி ரூட்’. அங்கே ‘டிஃபோல்ட்’ என்று தொடங்கும் வரி இருக்க வேண்டும். நாட் முறையில் அது 10.0.2.2ஐக் காட்டும். அந்த வரி இல்லாவிட்டால் வெளியே போகும் வழி விஎம்முக்குத் தெரியாது.

நான்காவதுதான் பிங். முதலில் 10.0.2.2. பதில் வந்தால் விஎம்முக்கும் விர்ச்சுவல்பொக்ஸுக்கும் இடையில் எல்லாம் சரி. அதற்கு மேல் அந்தப் பதில் எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் பக்கெற் இன்னும் உங்கள் லப்டொப்பை விட்டு வெளியேறவில்லை. அடுத்து 8.8.8.8. அதுவும் பேசினால் உலகம் வரை வழி திறந்திருக்கிறது. கடைசியாக ஒரு தளத்தின் பெயர். பெயரில் மட்டும் தோற்றால் பிழை, பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்.

பிங்கை எழுதியவர் மைக் மூஸ், 1983 டிசம்பரில், தன்முன் இருந்த ஒரு வலையமைப்புச் சிக்கலைக் கண்டுபிடிக்க. நீர்மூழ்கிகள் ஒலியனுப்பி எதிரொலி கேட்கும் சோனாரிலிருந்து வந்த பெயர். நாற்பது ஆண்டு கடந்தும் அதைவிடச் சுருக்கமான கேள்வியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: சில வலையமைப்புகள் பிங்கை மட்டும் மறிக்கும். பிங் தோற்றால் ‘கர்ல்’ கொண்டு ஒரு பக்கத்தை இழுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்.

கேள்வி: நாட், பிரிட்ஜ் என்று இரண்டைச் சொல்கிறார்கள். எது நல்லது?
— இணுவில் வாசகர்

பதில்: நம்மூர் வளவை நினைத்துக்கொள்ளுங்கள். நாட் முறையில் விஎம் வேலிக்குள் இருக்கும் பிள்ளை. படலையால் வெளியே போய்வரும். ஆனால் ஒழுங்கையில் போகிறவருக்கு உள்ளே அப்படியொரு பிள்ளை இருப்பதே தெரியாது. பிரிட்ஜ் முறையில் விஎம்முக்கு ஒழுங்கையிலேயே தனி வீடு. உங்கள் ரவுட்டர் அதற்கு நேரடியாக முகவரி கொடுக்கும், வீட்டிலுள்ள மற்றக் கணினிகளும் அதைக் காணும். நெற் மட்டும் போதுமென்றால் நாட். மற்றவர்கள் வந்து பார்க்க வேண்டிய சேவையை நடத்தினால் பிரிட்ஜ்.

வைஃபையில் பிரிட்ஜ் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வைஃபை ரவுட்டர் தன்னோடு கைகுலுக்கிய மாக் முகவரியிலிருந்து (வலையட்டையின் அடையாள எண்) வரும் பக்கெற்றை மட்டுமே ஏற்கும். விஎம்மின் மாக் அதற்கு அந்நியன். விர்ச்சுவல்பொக்ஸ் முகவரியை மாற்றியெழுதிச் சமாளிக்கப் பார்க்கும், சில ரவுட்டர்களில் அதுவும் சரிவராது. கேவிஎம்மின் சாதாரண பிரிட்ஜ் வைஃபையில் வேலை செய்யாது. கேபிள் குத்துங்கள், இல்லாவிட்டால் நாட் முறைக்குத் திரும்புங்கள்.

கேள்வி: நெற்பிளான் கோப்பை எழுத்துக்கு எழுத்துச் சரியாக எழுதியும் ஏற்க மறுக்கிறதே?
— மானிப்பாய் வாசகர்

பதில்: எழுத்துச் சரி, இடைவெளி பிழையாக இருக்கும். உபுண்டுவின் வலையமைப்பு அமைப்பை எழுதும் அந்தக் கோப்பு டாப் விசையை ஏற்காது. இடைவெளி விசைதான், ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவில். எழுதி முடித்ததும் ‘நெற்பிளான் அப்ளை’க்கு முன் ‘நெற்பிளான் ட்ரை’ ஓட்டுங்கள். நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் 120 வினாடியில் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கேள்வி: கரண்ட் போனதும் பைபர் ரவுட்டர் நின்றுவிடும், போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறுவேன். லப்டொப்பில் நெற் வரும், விஎம்மில் வராது. கரண்ட் வந்து ரவுட்டருக்குத் திரும்பினால் தானே சரியாகிவிடும். இது என்ன மாயம்?
— பருத்தித்துறை வாசகர்

பதில்: மாயம் இல்லை, பழைய முகவரியின் நினைவு. விர்ச்சுவல்பொக்ஸின் நாட், விஎம் எழும்பும்போது லப்டொப் எந்த டிஎன்எஸ்ஸைப் பாவிக்கிறதோ அதையே விஎம்முக்கும் எழுதிக் கொடுத்துவிடுகிறது. வீட்டு ரவுட்டரில் அது பெரும்பாலும் 192.168.1.1. நீங்கள் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறினீர்கள். லப்டொப் புதிய டிஎன்எஸ்ஸை அறிந்துகொண்டது. விஎம்மோ அங்கே இல்லாத 192.168.1.1இடம் இன்னும் பெயர் கேட்டுக்கொண்டிருக்கிறது. 8.8.8.8க்குப் பிங் போகும், பெயர் மட்டும் திறக்காது. இந்த அடையாளத்தைக் கண்டால் விஎம் சாளரத்தின் கீழ்ப்பட்டியில் வலையமைப்புச் சின்னத்தை அழுத்தி, கேபிளைக் கழற்றித் திரும்பக் குத்துங்கள். விஎம் புதிதாக முகவரி கேட்கும், புதிய டிஎன்எஸ்ஸும் கூடவே வரும். பிரிட்ஜ் போட்டிருந்தால் கதை வேறு: எந்த அட்டையோடு கட்டினீர்களோ அதோடுதான் அது நிற்கும். கேபிளிலிருந்து வைஃபைக்கு மாறினால் செற்றிங்ஸிலும் மாற்ற வேண்டும்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் 13 மணிநேர மின்வெட்டு இருந்தபோது இன்னொரு கோளாறும் இப்படித்தான் வெளிப்பட்டது. லப்டொப் உறங்கி எழும்பினால் விஎம்மின் கடிகாரம் பின்தங்கி நிற்கும். பாதுகாப்புச் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று உலாவி சொல்லும். ‘ஏபிடி’யும் பொதிப் பட்டியலை மறுக்கும். நெற் பழுது போலவே தெரியும், பழுது நேரத்தில். ‘டைம்டேட்சிடிஎல்’ அடித்து, சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: ரிசால்வ் கோப்பில் 8.8.8.8 என்று கையால் எழுதுகிறேன். மறுபடி இயக்கினால் 127.0.0.53 என்று மாறிவிடுகிறது. யாராவது உள்ளே புகுந்து மாற்றுகிறார்களா?
— நல்லூர் வாசகர்

பதில்: யாரும் புகவில்லை. உபுண்டுவின் சொந்தப் பணியாளே அதை எழுதுகிறார். 127.0.0.53 என்பது விஎம்முக்குள்ளேயே இருக்கும் சிறு பெயர்த்தரகர். அவர் வெளியே யாரிடம் கேட்கிறார் என்பதுதான் முக்கியம். அதைக் காட்டும் கட்டளை ‘ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’. நிரந்தரமாக மாற்ற வேண்டுமானால் நெற்பிளானில் எழுதுங்கள், இந்தக் கோப்பில் அல்ல.

டிஎன்எஸ்ஸைக் கையால் மாற்றுவதும் விபிஎன் போடுவதும் இந்நாட்டில் பரவியதற்குக் காரணம் உண்டு. 2018 மார்ச்சில், 2019 ஏப்ரலில், மீண்டும் 2022 ஏப்ரல் 3இல் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டன. அந்த நாட்களில் போட்ட விபிஎன் பலருடைய லப்டொப்பில் இன்னும் இருக்கிறது. நாட் முறை விஎம் அந்த விபிஎன் வழியாகத்தான் போகும். பிரிட்ஜ் விஎம் அதைத் தொடாமல் நேரே ரவுட்டரிடம் போகும். ஒன்றில் வேலை செய்து மற்றதில் செய்யாவிட்டால் விபிஎன்னை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

கேள்வி: மகன் இரவிரவாகக் கறுப்புத் திரைக்கு முன்னால் இருக்கிறான். கேட்டால் ‘நெற் பிடிக்கவில்லை, பிழை தேடுறன்’ என்கிறான். இதுவும் ஒரு படிப்பா?
— தாயார், கோண்டாவில்

பதில்: படிப்புத்தான் அம்மா, அதுவும் நல்ல படிப்பு. உலகத்தின் இணையத்தளங்களில் பெரும்பங்கு லினக்ஸில்தான் ஓடுகிறது. அவற்றைப் பராமரிக்கும் பொறியியலாளர் நாள் முழுக்கச் செய்வது உங்கள் மகன் செய்யும் இதே வேலையைத்தான். பெரிய சேர்வரும் கொழும்பிலுள்ள ஆய்வுகூடமும் வேண்டியதில்லை. ஒரு லப்டொப்புக்குள் மூன்று கணினிகளை எழுப்பி, அவற்றுக்கிடையே வலையமைப்புக் கட்டி, உடைத்து, திருத்திப் பழகலாம். ‘ஸ்னப்சொட்’ எடுத்துவைத்தால் எவ்வளவு உடைத்தாலும் ஒரு நொடியில் பழையபடி.

ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை நீங்கள். கையிலிருப்பதைக் கொண்டு வேலையை முடிக்கும் பழக்கம் பிள்ளைக்கு உங்களிடமிருந்தே வந்திருக்கும். நித்திரை வேண்டும்தான், பன்னிரண்டு மணிக்கு மேல் அனுமதிக்க வேண்டாம். காலையில் ஒன்று மட்டும் கேளுங்கள்: ‘பக்கெற் எந்த இடத்தில் நின்றது, கண்டுபிடிச்சிட்டியா?’ பதில் தெளிவாக வந்தால் இரவு வீணாகவில்லை.

கேள்வி: உயர்தர மாணவர்களுக்காக ஒரு விஎம்மைத் தயாரித்து, அதையே படியெடுத்து ஆய்வுகூடத்தின் எல்லாக் கணினிகளிலும் போட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே ஐபி வருகிறது. ஒன்று பிடித்தால் மற்றது அறுகிறது.
— தகவல் தொழினுட்ப ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: ரீச்சர், முதலில் எந்த முறையில் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நாட் என்றால் எல்லா விஎம்மும் 10.0.2.15 என்று காட்டுவது பிழையே அல்ல. ஒவ்வொன்றும் அதனதன் வேலிக்குள் இருக்கிறது, மோதாது. நீங்கள் சொல்வதுபோல் ஒன்றையொன்று அறுக்கிறதென்றால் பிரிட்ஜில் இருக்கிறீர்கள்.

அங்கே இரண்டு இரட்டைப் பிறவிகள் உண்டு. ஒன்று மாக் முகவரி: படியெடுக்கும்போது எல்லா அட்டைகளுக்கும் புதிய மாக் உருவாக்கச் சொல்லும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். பலர் இதைச் செய்துவிட்டு, அப்படியும் தீரவில்லையே என்று சலித்துப்போகிறார்கள். மற்றது ‘எற்சி’ கோப்புறையில் இருக்கும் ‘மெசின்-ஐடி’ என்ற சின்னக் கோப்பு. உபுண்டு சேர்வர் முகவரி கேட்கும்போது மாக்கை அல்ல, இந்த எண்ணிலிருந்து பிறக்கும் அடையாளத்தைத்தான் காட்டுகிறது. எண் ஒன்றானால் ரவுட்டருக்கு எல்லாரும் ஒரே ஆள்; ஒரே ஐபி கொடுக்கும். மூல விஎம்மில் அந்தக் கோப்பை அழிக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்கி நிறுத்துங்கள், பிறகு படியெடுங்கள். ஒவ்வொரு படியும் முதல்முறை எழும்பும்போது தனக்கென்று ஒரு எண் எழுதிக்கொள்ளும். எஸ்எஸ்எச் சாவிகளும் இப்படியே ஒன்றாக இருக்கும், அவற்றையும் புதிதாக்கிவிடுங்கள். கேள்வித்தாளில் இதெல்லாம் வராமல் போகலாம், வேலைக்குப் போகிற இடத்தில் வரும். பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள் ரீச்சர்.

கேள்வி: ஊர்க் கோயில் மலர்களையும் பள்ளி மலர்களையும் தொகுக்க, விஎம்மில் மீடியாவிக்கி போட்டேன். விஎம்முக்குள் திறக்கிறது, லப்டொப் உலாவியில் திறக்கவில்லை.
— வேலணை வாசகர்

பதில்: உங்கள் முயற்சிக்கு வணக்கம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் மீடியாவிக்கியில்தான் நிற்கிறது. ஈழத்து நூல்களும் மலர்களும் அங்கே உயிரோடு இருப்பதற்கு இப்படிப்பட்ட பொறுமைதான் காரணம்.

‘எஸ்எஸ்’ கட்டளையை ஓட்டி, 80ஆம் போர்ட்டில் காத்திருப்பவர் எந்த முகவரியில் இருக்கிறார் என்று பாருங்கள். 127.0.0.1 என்றால் அவர் விஎம்முக்குள் உள்ளவர்களோடு மட்டுமே பேசுவார். சேர்வரின் அமைப்பில் 0.0.0.0 ஆக்குங்கள். அடுத்து ‘யூஎஃப்டபிள்யூ’ தீயரண் 80ஐ மறிக்கிறதா பாருங்கள். நாட் முறையென்றால் வேலியில் ஒரு பொட்டும் வைக்க வேண்டும்: லப்டொப்பின் 8080ஐ விஎம்மின் 80க்குத் திருப்பிவிடும் போர்ட் பார்வர்டிங். மீடியாவிக்கியின் அமைப்புக் கோப்பில் தளத்தின் முகவரி பழையதாக இருந்தால், முதல் பக்கம் திறந்தபிறகும் உங்களை வேறெங்கோ தள்ளிவிடும். அதையும் மாற்றினால்தான் வேலை முடிந்தது.

கேள்வி: பிங் ஒழுங்காகப் போகிறது. சிறிய பக்கங்கள் திறக்கின்றன. பெரிய கோப்பு இறக்கினால் பாதியில் அசையாமல் நிற்கிறது.
— சுன்னாகம் வாசகர்

பதில்: பக்கெற்றின் பருமனைச் சந்தேகியுங்கள். ஈதர்நெற் பக்கெற் 1500 பைட் வரை போகும். பிபிபிஓஇ இணைப்பில் 1492தான். வயர்கார்ட் விபிஎன் வழக்கமாக 1420. நடுவில் உள்ள கருவி ‘இது பெரிது, சின்னதாக்கு’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியைத் தீயரண் விழுங்கிவிட்டால் அனுப்பியவர் காத்துக்கொண்டே இருப்பார். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் அளவில் பிங் அனுப்புங்கள். தலைப்பின் 28 பைட் சேர்ந்து 1500. போகாவிட்டால் 1464, பிறகு 1400 என்று குறையுங்கள். போகும் அளவோடு 28ஐக் கூட்டி வருவதை விஎம் அட்டையின் எம்டியூவாக (பக்கெற்றின் உச்ச அளவு) வையுங்கள். நாட் முறையில் விர்ச்சுவல்பொக்ஸ் நடுவில் நின்று பக்கெற்றை மறுபடி கட்டுவதால் இச்சோதனையைப் பிரிட்ஜிலோ லப்டொப்பிலோ செய்வதே நம்பகமானது.

கேள்வி: ஊரிலுள்ள மருமகனுக்கு லினக்ஸ் பழக்குகிறேன். அவனது விஎம்முக்குள் இங்கிருந்து நுழைய வழி?
— ஸ்காபரோ, கனடா

பதில்: வீட்டுக்குள்ளேயே என்றால் 2222ஐ 22க்குத் திருப்பும் பொட்டு ஒன்று போதும். கனடாவிலிருந்து வருவதற்கு விஎம் வேலி, வீட்டு ரவுட்டரின் வேலி, போன் டேட்டா என்றால் நிறுவனத்தின் பெரிய வேலி என்று மூன்று. கடைசியில் உள்ளதில் பொட்டு வைக்க உங்களுக்கு அனுமதி கிடைக்காது. ஆகவே திசையைத் திருப்புங்கள். வெளியே முகவரியுள்ள ஒரு சிறு சேர்வரை நீங்கள் வாடகைக்கு எடுங்கள். மருமகனின் விஎம் உள்ளிருந்து அதை அழைக்கட்டும். எஸ்எஸ்எச்சின் தலைகீழ்ச் சுரங்கமும் போதும். 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கருவிலேயே சேர்ந்துவிட்ட வயர்கார்ட் இன்னும் நல்லது. கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, சாவி மட்டும் வையுங்கள்.

கேள்வி: எங்கள் கடற்கரைக்கு எதிரே தமிழ்நாடு. சென்னையிலுள்ள சேர்வருக்கு ஏன் இவ்வளவு தாமதம்? விஎம்மில் ட்ரேஸ்ரூட் ஓட்டினால் ஒன்றுமே விளங்கவில்லை.
— வல்வெட்டித்துறை வாசகர்

பதில்: நாட் முறைக்குள் ட்ரேஸ்ரூட் சொல்வதை நம்ப வேண்டாம், இடையிலுள்ளவர்கள் அனுப்பும் செய்திகள் விஎம் வரை ஒழுங்காக வந்துசேராது. லப்டொப்பிலேயே ஓட்டுங்கள். பக்கெற் முதலில் தெற்கே போவதைக் காண்பீர்கள். இலங்கையின் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம். 2006இல் வந்த பாரத்–லங்கா கேபிளும் தூத்துக்குடியைக் கல்கிசையோடுதான் இணைத்தது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் 2023 ஒக்டோபரில் கப்பல் விட்டார்கள். பக்கெற்றுக்கு அந்தத் துறைமுகம் இன்னும் திறக்கவில்லை. வடகரையில் ஒரு கேபிள் கரையேற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை இந்தத் தாமதத்துக்காக விஎம் செற்றிங்ஸைத் தொடாதீர்கள்.

கேள்வி: நீங்கள் இதுவரை சொன்ன எல்லாம் செய்தாகிவிட்டது. இன்னும் இல்லை.
— அச்சுவேலி வாசகர்

பதில்: அப்படியானால் போகும் வரும் பக்கெற்றை நேரே காட்டும் ‘டிசிபிடம்ப்’. விஎம்மில் ஒன்று, லப்டொப்பில் ஒன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டி, 8.8.8.8க்குப் பிங் அனுப்புங்கள். விஎம்மில் ‘10.0.2.2 யார்?’ என்ற ஏஆர்பி கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப ஓடினால் நாட் இயங்கவில்லை. விர்ச்சுவல்பொக்ஸை முழுதாக மூடித் திறவுங்கள். விஎம்மிலிருந்து வெளியேறும் பக்கெற் லப்டொப்பின் அட்டையில் தெரியவே இல்லையென்றால் லப்டொப்பின் தீயரணோ வைரஸ் தடுப்பு மென்பொருளோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டிலும் போகிறது, பதில் மட்டும் எங்குமே வரவில்லையென்றால், அப்போது இணைப்பு நிறுவனத்துக்கு அழையுங்கள். அந்த வெளியீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.